கப்பலைத் தேடுவதா, கோப்பைத் தேடுவதா? ஒரு கிரேக்கக் குடும்பம் ஆஸ்திரேலியா வந்த வழியைக் கண்டறிய

எங்கள் மருமகள் மெல்போர்னில் பிறந்த கிரேக்கப் பெண். அவருடைய தந்தைவழிக் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்கு முன்பே கிதிரா தீவிலிருந்து ஆஸ்திரேலியா வந்தவர். தாய்வழித் தாத்தா வந்தது 1960-களில், பெலோபொனேஸ் பகுதியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து. பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு எழுந்தது. எங்கே தொடங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. கப்பலின் பயணியர் பட்டியலைப் பிடித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றார் சம்பந்தி. அவருடைய தங்கை, நேரே தீவுக்குப் போய்ப் பாதிரியாரைப் பார்க்கலாம் என்றார். இளையவர்கள் டி.என்.ஏ. பரிசோதனைக்கு எச்சில் அனுப்பத் தயாராக இருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பின் ஆவணக் காப்பகங்களைக் குடைவதே என் பொழுதுபோக்கு என்பதால் ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்த ஆணைத் தேடுகிறீர்கள் என்றால் கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். குடியுரிமைக் கோப்பிலிருந்து தொடங்குங்கள். கப்பல் தானாக வந்து சேரும். போருக்குப் பின் வந்தவர் என்றால் கப்பலிலிருந்து தொடங்கலாம், தவறில்லை. தேடப்படுபவர் பெண் என்றால் கணக்கு வேறு.

கப்பல் பட்டியலின் மீது எல்லோருக்கும் இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் அமெரிக்கா. குடும்ப வரலாறு தேடுவோருக்கான வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்கள் எழுதியவை, அல்லது அவற்றைப் பார்த்து எழுதியவை. நியூயார்க்கின் எல்லிஸ் தீவு 1892-இல் திறக்கப்பட்டது. அங்கே வந்திறங்கியவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்கள் உண்மையிலேயே பொக்கிஷம். 1907-க்குப் பிந்தைய பட்டியலில், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் யார், அவர் எந்த ஊரில் இருக்கிறார், அமெரிக்காவில் யாரிடம் போகிறார் என்பதெல்லாம் இருக்கும். அந்த ஒரு தாளை வைத்தே இரண்டு தலைமுறையை இணைத்துவிடலாம்.

ஆஸ்திரேலியப் பட்டியல்கள் அப்படியல்ல. அதே காலத்தில் சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ வந்த கப்பலின் பட்டியலில் பெயர், வயது, தொழில், நாட்டினம், ஏறிய துறைமுகம், இறங்கும் துறைமுகம் என்ற அளவில் விவரம் இருந்தாலே அதிர்ஷ்டம். பிறந்த கிராமம் இருக்காது. தந்தை பெயர் இருக்காது. மூன்றாம் வகுப்பில் வந்த அயல்நாட்டினரின் பெயர்களைக் கப்பல் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நீண்ட கிரேக்கக் குடும்பப் பெயர் ஆங்கிலேய எழுத்தர் ஒருவரிடமும் ஜெர்மானிய எழுத்தர் ஒருவரிடமும் போய்ச் சேர்ந்தால் இரண்டு வெவ்வேறு மனிதர்களாகத் திரும்பி வரும். பட்டியலில் 'கிரேக்கர், 24, தொழிலாளி' என்று கண்டால், அது உங்கள் தாத்தாவா அடுத்த ஊர்க்காரரா என்று அந்தத் தாளை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், எந்தக் கப்பலைத் தேடுவது என்பது. முதல் உலகப் போருக்கு முன் கிரேக்கத் துறைமுகமான பிரேயஸிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேரடிச் சேவை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தீவிலிருந்து பிரேயஸ், அங்கிருந்து எகிப்தின் போர்ட் சயீத், அங்கே காத்திருந்து ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா போகும் கப்பல் ஒன்றில் இடம் பிடிப்பது என்பதே வழக்கமான பாதை. அந்தக் கப்பல் நார்ட்டாய்ச்சர் லாய்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையதாக இருக்கலாம். பிரிட்டனின் ஓரியண்ட் லைனாக இருக்கலாம். பிரான்சின் மெஸஜரி மரிதீமாகவும் இருக்கலாம். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தாலிய லாய்ட் திரியெஸ்தீனோவின் ரெமோ, ரோமோலோ போன்ற கப்பல்களும் சேர்ந்துகொண்டன. 'கிரேக்கக் கப்பல்', 'பிரேயஸ்' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு தேடுபவர் ஆண்டுக்கணக்கில் தேடுவார்.

குடும்பத்தில் வழங்கும் கதைகளை இங்கே உதறிவிட வேண்டாம். சூயஸ் வழியாக வந்த அஞ்சல் கப்பல்கள் பல, கொழும்பில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டே இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. தாத்தா கொழும்பைப் பார்த்ததாக ஒரு கிரேக்கப் பாட்டி சொன்னால் நமக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆய்வுக்கு அது பாதையைச் சொல்லும் தடயம். அதேபோல, வரும் வழியில் தென்னாப்பிரிக்காவில் கப்பல் நின்றது என்று 1960-களில் வந்த ஒருவர் சொன்னால், 1967 ஜூனுக்குப் பிறகு வந்திருக்க வாய்ப்பு மிகுதி. அரபு-இஸ்ரேல் போரில் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் 1975 வரை திறக்கவில்லை. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வந்தன.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் குடியுரிமைக் கோப்பு. 1904 முதல் குடியுரிமை வழங்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து ஆஸ்திரேலியக் கூட்டரசுக்கு மாறியது. அன்றிலிருந்து விண்ணப்பித்த ஒவ்வொருவரின் கோப்பும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு. அப்போது ஆஸ்திரேலியக் குடியுரிமை என்று தனியாக ஒன்று கிடையாது. விண்ணப்பித்தவர் பிரிட்டிஷ் பிரஜையாக ஆனார். 1949 ஜனவரி 26-இல்தான் ஆஸ்திரேலியக் குடியுரிமை பிறந்தது.

இந்தக் கோப்பில் விண்ணப்பதாரரே உறுதிமொழி கூறிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் இருக்கும். எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தக் கப்பலில் ஏறினார், ஆஸ்திரேலியாவில் எங்கே, எப்போது இறங்கினார், அதன் பிறகு எந்தெந்த ஊரில் எவ்வளவு காலம் இருந்தார், என்ன தொழில், மனைவி மக்கள் உண்டா, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். கூடவே உள்ளூர்க் காவல் அதிகாரியின் அறிக்கை. இந்த அறிக்கைகளைப் படிப்பது தனிச் சுவை. ஒரு நாட்டுப்புற நகரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் இளைஞனைப் பற்றி, குடிப்பழக்கம் இல்லாதவன், ஆங்கிலம் ஓரளவு பேசுவான் என்று காவலர் எழுதிய வாசகத்தில் அந்த மனிதனின் நடமாட்டமே தெரியும். கிதிராவிலிருந்து வந்தவர்களில் ஏராளமானோர் நியூ சவுத் வேல்ஸிலும் குவீன்ஸ்லாந்திலும் சிற்றூர்தோறும் சிப்பி உணவகமும் கஃபேயும் நடத்தியவர்கள். ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருந்த அவர்களின் பாதையைக் கப்பல் பட்டியல் ஒருபோதும் சொல்லாது, கோப்பு சொல்லும்.

கோப்பைத் தேடும்போது தீவின் பழைய பெயர்களையும் இட்டுப் பாருங்கள். கிதிராவை இத்தாலியர் செரிகோ என்றார்கள். பழைய ஆங்கில ஆவணங்களில் அந்தப் பெயரும் வரும். ஆளின் பெயரும் மாறியிருக்கும். பனயோத்திஸ் பீட்டர் ஆகியிருப்பார், திமித்ரியோஸ் ஜிம் ஆகியிருப்பார், கொன்ஸ்தந்தீனோஸ் வெறும் கான்.

குடியுரிமை கேட்காமலேயே இருந்துவிட்டவர்கள் நிறையப் பேர் உண்டே என்று கேட்கலாம். அவர்களுக்கு வேறொரு வலை இருக்கிறது. 1916-இல் கிரேக்க மன்னர் கொன்ஸ்தந்தைன் நடுநிலை வகித்தார். அவருடைய மனைவி சோஃபியா ஜெர்மன் கைசரின் தங்கை. அதனால் ஆஸ்திரேலிய அரசுக்குத் தன் நாட்டிலிருந்த கிரேக்கர்கள் மீது சந்தேகம் வந்தது. காவல்துறை மூலம் ஆஸ்திரேலியா முழுவதிலும் இருந்த கிரேக்கர்களை ரகசியமாகக் கணக்கெடுத்தார்கள். அதே ஆண்டு அந்நியர் பதிவும் கட்டாயமாயிற்று. அந்த டிசம்பரில் மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்க நகரமான கல்கூர்லியில் கிரேக்கர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. சந்தேகத்தால் எடுத்த கணக்கு நூறு ஆண்டு கழித்துக் கொள்ளுப்பேரனுக்கு உதவுகிறது. ஆவணக் காப்பகங்களில் இந்த மாதிரிக் கசப்பான நன்மைகள் அடிக்கடி வாய்க்கும். பிறகு 1939-இல் போர் மூண்டதும் மீண்டும் அந்நியர் பதிவு வந்தது. இந்த முறை படிவத்தில் புகைப்படம், கப்பல் பெயர், வந்த நாள், முகவரி எல்லாம் உண்டு. முகவரி மாறினால் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதைச் சேர்த்துப் பாருங்கள். போருக்கு முன் வந்து இங்கேயே தங்கிய கிரேக்க ஆண் ஒன்று குடியுரிமை பெற்றிருப்பார், அல்லது பெறாததால் அந்நியராகப் பதிவு செய்திருப்பார். இரண்டில் ஒன்றில் பெரும்பாலும் அகப்பட்டுவிடுவார். இணையத்தில் ஏற்றப்பட்ட கோப்புகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஏற்றப்படாததைக் கட்டணம் செலுத்திப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

கோப்பு கிடைக்கவில்லை என்றால், அல்லது கிடைக்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால், ட்ரோவ் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் இந்த இலவசத் தளத்தில் பெரும்பாலும் 1954 வரையிலான செய்தித்தாள்கள் தேடக்கூடிய வடிவில் உள்ளன. 1920-களிலும் 30-களிலும் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர், தாம் விண்ணப்பிக்கப்போவதாக உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அந்தச் சின்ன அறிவிப்பில் நாட்டினம், பிறந்த இடம், ஆஸ்திரேலியாவில் இருந்த ஆண்டுகள், முகவரி ஆகியவை இருக்கும். பெயரை எப்படி எழுதினார்கள் என்று தெரியாவிட்டால் பெயரை விட்டுவிட்டு, அவர் கடை வைத்திருந்த ஊரின் பெயரையும் தீவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இன்னும் எளிய ஒன்று இறப்புச் சான்றிதழ். ஆஸ்திரேலிய மாநிலங்களின் பழைய இறப்புச் சான்றிதழ்களில் பிறந்த இடமும், ஆஸ்திரேலியாவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். இறந்த ஆண்டிலிருந்து அதைக் கழித்தால் வந்த ஆண்டு ஏறத்தாழ வந்துவிடும். ஏறத்தாழத்தான், தகவல் கொடுத்தவர் துக்கத்தில் இருந்த மகனோ, அடுத்த வீட்டுக்காரரோ. சில பத்து டாலர் செலவில் முதலில் இதை வாங்கிவிடுவது நல்லது.

அப்படியானால் கப்பல் பட்டியலே வேண்டாமா? வேண்டும், சரிபார்க்க. பதினைந்து ஆண்டுக்கு முன் வந்த கப்பலின் பெயரை மனிதர்கள் தவறாகச் சொல்வார்கள். தேதியைத் தவறாகச் சொல்வார்கள். பதினான்கு வயதில் மாமனோடு வந்த பையன் வேலைக்காக வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பான். கோப்பில் உள்ள கப்பலும் தேதியும் கையில் இருந்தால், பட்டியலில் தேட வேண்டிய பரப்பு சில வாரங்களாகச் சுருங்கிவிடும். அப்போது பட்டியல் கோப்பு சொல்லாத ஒன்றையும் சொல்லும்: யாரோடு வந்தார் என்பது. உங்கள் ஆளின் பெயருக்கு மேலும் கீழும் உள்ள கிரேக்கப் பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்கள் குறைவு. மச்சானோ, ஊர்க்காரரோ, ஞானத்தந்தையின் மகனோ பக்கத்தில் இருப்பார்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேண்டில் துறைமுகப் பட்டியல்களை முதலில் பாருங்கள், குடும்பம் சிட்னியில் வாழ்ந்திருந்தாலும். ஐரோப்பாவிலிருந்து வரும் அஞ்சல் கப்பல்கள் 1900 முதல் ஆஸ்திரேலியாவில் முதலில் நின்ற இடம் அதுதான். கிழக்குத் துறைமுகங்களுக்குப் போகும் பயணிகளின் பெயர்களும் அங்கே ஒப்படைத்த பல பட்டியல்களில் உண்டு. 1920-களின் தொடக்கம் வரையிலான சிட்னி, மெல்போர்ன் பட்டியல்கள் மாநிலக் காப்பகங்களிலும், அதற்குப் பிந்தையவை தேசியக் காப்பகத்திலும் இருக்கின்றன. இந்தப் பிரிவினை தெரியாமல் தவறான வாசலில் நின்று 'பதிவு இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போருக்குப் பின் வந்தவர்கள்

இங்கே நிலைமை தலைகீழ். குடும்பத்தில் யாராவது ஒருவருக்குக் கப்பலின் பெயர் நினைவிருக்கும். 1952-இல் கிரேக்கத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறுபவரின் பயணச் செலவுக்கு அரசு உதவும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1959 டிசம்பரில் சாண்ட்ரிஸ் நிறுவனத்தின் பாத்ரிஸ் கப்பல் பிரேயஸிலிருந்து சிட்னிக்கு முதல் பயணம் புறப்பட்டது. அதன் பிறகு எல்லினிஸ், ஆஸ்திராலிஸ் ஆகியவையும் வந்தன. மெல்போர்ன் கிரேக்கர்களிடம் பாத்ரிஸ் என்று சொல்லிப் பாருங்கள், அரைமணி நேரம் உங்கள் கையில் இருக்காது. 1971 கணக்கெடுப்பில் கிரேக்கத்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கப்பலில் வந்தவர்கள்தான்.

ஆகவே சம்பந்தியின் மாமனார் விஷயத்தில் கப்பலிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஆனால் அங்கேயும் கப்பலைவிடச் சுவையானது ஒன்று உண்டு. அரசு உதவியோடு வந்தவர் என்றால், கிரேக்கத்தில் வைத்தே அவரைத் தேர்வு செய்தபோது எழுதிய ஆவணங்கள் கோப்பாக இருக்கும்: புகைப்படம், தொழில், கல்வி, மருத்துவப் பரிசோதனை. உறவினர் வரவழைத்து வந்தவர் என்றால், வரவழைத்தவர் கொடுத்த விண்ணப்பம் இருக்கும். அதில் இருவருக்கும் என்ன உறவு என்று எழுதப்பட்டிருக்கும். அண்ணன் தம்பியை, தம்பி மைத்துனனை, மைத்துனன் பங்காளியை என்று ஒரு கிராமமே சங்கிலியாக வந்ததை இந்த விண்ணப்பங்களை அடுக்கினால் பார்க்கலாம். முதலில் ஆல்பரி-வொடோங்கா அருகிலிருந்த போனகில்லா முகாமில் தங்கவைக்கப்பட்டிருந்தால், அங்கே ஒவ்வொருவருக்கும் எழுதிய அட்டையும் காப்பகத்தில் இருக்கிறது. 1947 முதல் 1971 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த முகாம் வழியாகப் போனார்கள்.

சிட்னி கடல்சார் அருங்காட்சியகத்தின் சுவரில் பொறிக்கப்பட்ட குடியேறிகள் பெயர்களை ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. அவை குடும்பத்தினர் பணம் செலுத்திப் பொறித்தவை. மரியாதைக்குரியவை, ஆதாரம் அல்ல.

பெண்ணைத் தேடும்போது

மேலே சொன்ன வழிகள் எல்லாம் ஆண்களுக்காக வகுக்கப்பட்டவை. போருக்கு முந்தைய சட்டப்படி, கணவன் பிரிட்டிஷ் பிரஜையானால் மனைவியும் தானாகவே ஆகிவிடுவாள். ஆகவே அவளுக்குத் தனிக்கோப்பு இருக்காது. கணவனின் கோப்பில் ஒரு வரியாக இருப்பாள். கிரேக்கத்திலும் அதே கதை. ஊராட்சிகளில் இருக்கும் மித்ரோ அரேனோன் என்ற பதிவேடு ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காகப் பிறந்த ஆண்டு வாரியாக ஆண்களை மட்டும் எழுதியது. தம்பியின் பிறந்த ஆண்டு கிடைக்கும், அக்காவினுடையது கிடைக்காது.

பெண்ணுக்குக் கப்பல் பட்டியலும் தேவாலயப் பதிவேடும்தான் முதல் வழி. மணப்பெண்ணாக வந்தவர் என்றால் திருமணம் கப்பல் வந்த சில நாட்களிலோ வாரங்களிலோ நடந்திருக்கும். சிட்னியில் சர்ரி ஹில்ஸ் பகுதியில் உள்ள தூய திரித்துவ ஆலயமும் கிழக்கு மெல்போர்னில் உள்ள அறிவிப்பு ஆலயமும் இந்த நாட்டின் மிகப் பழைய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில்கள். அவற்றின் திருமணப் பதிவில் மாப்பிள்ளைத்தோழராக நின்றவர் யார் என்று இருக்கும். பெரும்பாலும் அவரே பிறகு முதல் குழந்தைக்கு ஞானத்தந்தையும் ஆவார். அரசுத் திருமணச் சான்றிதழில் பெண்ணின் தாய், தந்தை பெயர்கள் உண்டு. திருமணத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போய்க் கப்பலைப் பிடிக்கலாம். 1957-இல் பெகோனா என்ற கப்பல் நூற்றுக்கணக்கான மணமாகாத கிரேக்கப் பெண்களை மெல்போர்னுக்கு ஏற்றிவந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பெரும்பாலும் தாமே விண்ணப்பித்து வந்தவர்கள், தங்கள் பெயரிலேயே ஆவணம் உள்ளவர்கள். ஒரு சிறு குறிப்பு: மணமாகாத பெண்ணின் குடும்பப் பெயர் தந்தையின் பெயரிலிருந்து ஈறு மாறி வரும், கடைசியில் உள்ள 'ஸ்' விழுந்துவிடும். இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

தீவுக்கே போவது

இது எல்லோருக்கும் பிடித்த வழி. ஆனால் கிராமத்தின் பெயரும் தந்தையின் பெயரும் தெரியாமல் போனால் அது சுற்றுலாதான். அதிலும் குற்றமில்லை, செலவுக் கணக்கில் மட்டும் ஆய்வு என்று எழுத வேண்டாம்.

தந்தை பெயர் அவ்வளவு முக்கியமா என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் தலைப்பெழுத்தே அதுதானே. கிரேக்க அலுவலகங்களிலும் ஒருவரை அடையாளம் காட்டுவது பெயர், குடும்பப் பெயர், தந்தை பெயர் மூன்றும் சேர்ந்துதான். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைப்பது அங்கேயும் வழக்கம். எனவே நான்கு சகோதரர்களின் மூத்த மகன்கள் நால்வரும் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்டிருப்பார்கள். தந்தை பெயர் இல்லாமல் அவர்களைப் பிரிக்க முடியாது. கிதிராவில் இது போதாமல் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயரும் உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு அந்தப் பட்டப்பெயர் தெரிந்திருந்தால் அதைவிடச் சிறந்த திறவுகோல் இல்லை. தீவின் முதியவர்கள் அதை வைத்துத்தான் உங்களை அடையாளம் காண்பார்கள்.

கிதிரா இந்த வகையில் கொடுத்துவைத்த தீவு. நெடுங்காலம் வெனிஸ் ஆட்சியிலும், பிறகு 1864 வரை மற்ற அயோனியத் தீவுகளோடு பிரிட்டிஷ் பாதுகாப்பிலும் இருந்தது. தேவாலயப் பதிவேடுகளை ஒழுங்காக வைக்கும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. தீவின் தலைநகரான ஹோராவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. பெலோபொனேஸ் கிராமங்களில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். கிரேக்கத்தில் பிறப்பு, இறப்பை அரசு முறையாகப் பதியத் தொடங்கியதே 1920-களுக்குப் பிறகுதான்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். கிரேக்கம் 1923 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அந்த ஆண்டு பிப்ரவரி 15-க்கு அடுத்து மார்ச் 1 என்று எண்ணிக்கொண்டார்கள். ஞானஸ்நானப் பதிவில் உள்ள தேதிக்கும் ஆஸ்திரேலியக் கோப்பில் உள்ள தேதிக்கும் பன்னிரண்டு பதின்மூன்று நாள் வித்தியாசம் இருந்தால் இரண்டு பேர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே ஆள்தான்.

கிரேக்க ஆவணத்தை முதலிடத்துக்குக் கொண்டுவரும் ஒரு காரணம் உண்டு: கிரேக்கக் குடியுரிமை. வம்சாவளி வழியாக அதைக் கோர விரும்பும் பேரப்பிள்ளைகளுக்குக் கப்பல் பட்டியல் அவ்வளவாகப் பயன்படாது; தாத்தா எந்த ஊராட்சியில் பதிவு பெற்றவர் என்பதும், அங்கிருந்து இங்கே வரை பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் தொடர்ச்சியும்தான் கேட்கப்படும். அப்படிப் பதிவு செய்யும் இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவை விதிகளையும், நிரந்தரமாக வெளிநாட்டில் வசிப்பவருக்கான விலக்கையும் முன்கூட்டியே தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பேரன் இதைக் கேட்டதும் ஐரோப்பியப் பாஸ்போர்ட் ஆசையைக் கொஞ்சம் ஒத்திவைத்தான்.

கஸ்தெலோரிசோ என்ற சிறு தீவிலிருந்து வந்த குடும்பம் என்றால் மேற்சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. பெர்த்திலும் சிட்னியிலும் மெல்போர்னிலும் அந்தத் தீவினர் நிறைய. துருக்கிக் கரையை ஒட்டிய அந்தத் தீவு உதுமானியர் கையிலிருந்து, 1915-இல் பிரெஞ்சுக்காரர்களிடமும், 1921-இல் இத்தாலியர்களிடமும் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே கிரேக்கத்தோடு சேர்ந்தது. ஒரே வீட்டில் அண்ணன் துருக்கியர் என்றும் தம்பி இத்தாலியர் என்றும் பதிவாகியிருக்கலாம். அந்நியர் பதிவுத் தாள்கள் சில மாநிலங்களில் நாட்டின வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், கிரேக்கர் கட்டில் மட்டும் தேடினால் ஆள் அகப்படமாட்டார். 1944-இல் தீயில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. போரின்போது பாலஸ்தீனம் வரை இடம்பெயர்ந்த மக்களைத் திருப்பி ஏற்றிவந்த எம்பயர் பேட்ரோல் என்ற கப்பல் 1945 செப்டம்பரில் தீப்பிடித்து 33 பேர் இறந்தார்கள். இவர்களுக்கு ஆஸ்திரேலியக் கோப்பும், இங்குள்ள கஸ்தெலோரிசோ சங்கங்களின் பதிவுகளும், ரோட்ஸ் தீவின் காப்பகத்தில் உள்ள இத்தாலிய ஆட்சிக்கால ஆவணங்களும்தான் நம்பிக்கை. தீவுப் பயணம் கடைசியில்.

டி.என்.ஏ. பரிசோதனை பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. அது கப்பலைச் சொல்லாது, ஆண்டைச் சொல்லாது, கிராமத்தையும் சொல்லாது. தொடர்பு அறுந்துபோன ஒரு கிளை அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருந்தால் அவர்களைக் கண்டுபிடிக்க உதவும். சிறு தீவுகளில் பல தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்திருப்பதால், பரிசோதனை முடிவில் இரண்டாம் நிலை உறவு என்று வருபவர் உண்மையில் ஐந்து வழியில் தூரத்து உறவாக இருப்பார். தாள்களைப் பார்த்து முடித்த பிறகு செய்துகொள்ளலாம்.

கிரேக்கத்தில் ஓர் ஆய்வாளரை அமர்த்துவது, மொழி தெரியாத மூன்றாம் தலைமுறைக்கு நியாயமான செலவுதான். பழைய பதிவேடுகளின் கையெழுத்தை இன்றைய கிரேக்கர்களே தடுமாறித்தான் படிக்கிறார்கள். ஆனால் அமர்த்தும் நேரம் முக்கியம். கிராமம், தந்தை பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் ஆஸ்திரேலியக் கோப்பிலிருந்து எடுத்து அனுப்பினால், நகராட்சிப் பதிவேட்டில் அவருக்கு அது சில நாள் வேலை. வெறும் குடும்பப் பெயரை மட்டும் அனுப்பினால் அவர் தீவு முழுவதும் அலைவார், மணிக்கணக்கில் கட்டணம் நீங்கள் செலுத்துவீர்கள். அந்த மூன்றும் கைக்கு வரும் வரை முன்பணம் அனுப்ப வேண்டாம்.